பதினோராம் நிரை மட்டும் ஏன் காயவில்லை

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாகலெட்சுமி என்றால் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிற கையும் ஓயாது, கேள்வி கேட்கிற வாயும் ஓயாது. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணியிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவாள். வெற்றிலை போட்டாலாவது வாய் மூடும் என்று பார்த்தார் அவள் புருஷன் வீரய்யா. வெற்றிலையோடும் கேட்டாள்.

கார்த்திகை மழையில் மண் சரிந்து அவர்களுடைய வரிசை வீடுகளை, அந்த லயத்தையே, மூடிவிட்டது. அந்நேரம் கோயிலில் பூசை நடந்ததால் அங்கிருந்த பத்துக் குடும்பங்களும் உயிரோடு மிஞ்சின. அன்று முதல், தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராதான் எல்லோருக்கும் வீடு. சேலையைத் திரையாகக் கட்டி நான்கு மாதம் கிடந்தார்கள். பங்குனியில் சேதி வந்தது. மேல்மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பத்துத் தனி வீடுகள் கட்டப் போகிறார்கள்.

யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தேயிலைச் செடி வரிசைகளில் பதினோராம் நிரை இருந்த இடம் நாகலெட்சுமிக்கு விழுந்தது. அந்த நிரைக்காகப் பெண்கள் போடாத சண்டையா? மாசி வெயிலில் மலையே கருகினாலும் அங்கே மட்டும் கொழுந்து துளிர்த்துக்கொண்டிருக்கும்.

"ராசியான எடத்த அள்ளிட்டீங்களே அக்கா," என்றாள் அடுத்த திரைக்காரி யோகேஸ்வரி. "அங்க வெளக்கமாத்த நட்டாகூட தளுத்துருமே."

நாகலெட்சுமியும் சிரித்தாள். மலைத் தண்ணீர் குழாயில் விழும் பீலியடியில் துணி துவைக்கும்போதுதான் அவள் கை நின்றது. முப்பது வருடம் அந்த நிரையில் பறித்தவள், அது ஏன் பச்சையாகவே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல கொழுந்தைக் கண்டால் யாருக்குக் கேள்வி வரும்?

"ஏங்க, அந்த நெர மட்டும் ஏன் காயல?"

"நல்ல மண்ணு," என்றார் வீரய்யா.

"பக்கத்து நெரயும் அதே மண்ணுதான?"

"சாமி பார்வ."

"சாமி ஒத்த நெரய மட்டுமா பாக்கும்?"

"இந்தா, கேட்டுக் கேட்டு கெடச்ச வீட்டையும் கெடுத்துறாத."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த மலையில் பத்து இடத்துக்கு மேல் இல்லை. ஒன்று போனால், போனவர்கள் வீடு கட்ட அடுத்த காணி கிடைக்கும்வரை திரைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அப்படியும் மறுநாள் அவள், வீடு கட்டுவதை மேற்பார்க்கும் இளம் அதிகாரி நிரோஷனிடம் போய் நின்றாள்.

"சேர், நம்ம எடத்துல ஒரு குழி வெட்டிப் பாப்பமா?"

"எல்லாம் பார்த்துத்தான் அம்மா குறிச்சிருக்கு. மேல ஒரு குழி, கீழ ஒரு குழி வெட்டிப் பார்த்தாச்சு."

"நடுவுல?"

நிரோஷன் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "நடுவுல இல்ல. ஏதாவது வந்தா உங்க வீடுதான் போகும், தெரியும்தானே?"

"தெரியும் சேர். அடியில என்னா இருக்குன்னு தெரியாம எப்படிப் படுத்துத் தூங்குறது?"

சொன்னதோடு மம்பட்டியை எடுத்து அவளே கொத்தத் தொடங்கினாள். வீரய்யா கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு, "குடு, மண்ண கொத்துறியா கீர ஆயிறியா," என்று பிடுங்கிக்கொண்டார்.

இடுப்பளவு வரை சிவப்பு மண். அதன்பின் சாம்பல் நிறத்தில் களி வந்து மம்பட்டியில் ஒட்டியது. நெஞ்சளவு ஆழத்தில் குழியின் ஓரம் கசிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீரய்யாவின் கணுக்காலைத் தண்ணீர் மூடியது, அந்தப் பங்குனி வெயிலிலும்.

நாகலெட்சுமி குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. "இம்புட்டு வருசமா இந்தத் தண்ணியத்தான் சேர் கிள்ளிக் கூடையில போட்டிருக்கேன்," என்றாள்.

ஊற்றின் மேல் வீடு கட்டினால் அடுத்த மழையில் மண் மறுபடி சரியும் என்று நிரோஷன் வரைபடத்தில் அந்த இடத்தை அடித்துவிட்டார். அங்கே ஆழமாக வடிகான் வெட்டி ஊற்றுத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினார்கள். ஒன்பது வீட்டுக்கு அத்திவாரம் விழுந்தது. நாகலெட்சுமியின் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போனது. அதற்குத் தேதி இல்லை.

இரண்டு நாள் வீரய்யா தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அவள் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மலைக்குத் தனியே ஏறினாள்; அடுத்த வீடுகளுக்கு அங்கேதான் இடம் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பாதி ஏறித் திரும்பிப் பார்த்தால், தோளில் மம்பட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் அவர்.

"எங்க வெட்டணும்னு மட்டும் சொல்லு," என்றார்.