தீப்பொறி எங்கிருந்து வந்தது

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். எலக்ட்ரானை இழந்த பொருள் நேர்மின்னூட்டம் பெறும், பெற்றுக்கொண்ட பொருள் எதிர்மின்னூட்டம் பெறும் என்று வருடா வருடம் பலகையில் எழுதிப் போடுகிறேன். வகுப்புக்கு வெளியே இந்தப் பாடத்தை ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். என் அக்காவுக்கு.

அக்காவின் கணவர் சங்ககிரியில் பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டினார். விடுப்பு நாட்களில் பரமத்தி வேலூர் பக்கம் இருந்த தன் வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார். நெஞ்சுச்சளி அதிகமாகி மருத்துவர் எச்சரித்த பிறகு, மகள் தலையில் கை வைத்துப் பீடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்தார். அப்போதிலிருந்து இரண்டு வருடமாக அக்கா அவருடைய சட்டையை முகர்ந்து பார்க்காமலே துவைத்தாள்.

மாசி மாதம் ஒரு நாள் முற்பகலில், களை எடுக்கும் மெஷினுக்காக ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் கேனுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். தீப்பிடித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஈரச் சாக்கோடு ஓடி வருவதற்குள் கைகளும் மார்பும் முகமும் வெந்துவிட்டன.

"பீடிய வாயில வச்சுக்கிட்டே ஊத்தியிருப்பாருங்க. இல்லாட்டி தீ எங்கிருந்துங்க வரும்?" என்றார் தோட்டத்துக்காரர். அதையே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேலத்தில் மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தார். உதடு வீங்கி, பேச்சு வரவில்லை. அக்கா தினமும் கட்டில் பக்கம் நின்று அதே கேள்வியைக் கேட்டாள்.

"பீடி குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க."

அவர் தலையை மெதுவாக இருபுறமும் அசைப்பார். அந்தக் கழுத்துக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "புள்ள தலைல கை வச்சுட்டு, சாவற நேரத்துலயும் பொய் சொல்றாரு பாரு," என்று என்னிடம் சொன்னாள். கடைசி நாளில் அவள் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நான்தான் இருந்தேன்.

அவள் சரியாக அழவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் அதையும் பேசினார்கள்.

முப்பதாம் நாள் கழிந்து, தோட்டத்துக் குடிசையான சாளையைச் சுத்தம் செய்யப் போனபோதுதான் அந்தக் கேனைப் பார்த்தேன். உருகிச் சப்பையாகியிருந்தது. அதன் வாயில் ஒரு தகரப் புனல் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கேனுக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மதியமே அவள் வீட்டு ஜன்னல்களைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, பீரோவிலிருந்து நைலான் போர்வையை எடுத்து மடிப்பைப் பிரித்து உதறினேன். சடசடவென்று நீலப் பொறிகள் தெறித்தன.

"என்ன புள்ள இது?"

"ஒரு பொருளு இன்னொன்ன உரசிட்டுப் போறப்ப எலக்ட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இதுலருந்து அதுக்குத் தாவிரும்க்கா. விட்டதுல ஒரு மாதிரி மின்சாரம் சேரும், வாங்கினதுல அதுக்கு எதிரானது சேரும். பெட்ரோல் பிளாஸ்டிக்க உரசிட்டு ஓடறப்பவும் அப்படித்தான். தகரப் புனலு தரையத் தொட்டிருந்தா மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும். பிளாஸ்டிக் மேல நின்னுச்சு, எங்கயும் போக வழியில்ல. மாமா கை கிட்டப் போனதும் பொறி தாவியிருக்கு. சுத்தியும் பெட்ரோல் ஆவி."

"லாரில பெட்ரோல் எறக்கறப்ப மண்ணுக்கு ஒரு கம்பிய மாட்டுவாரே, அது?"

"அதுக்குத்தான்க்கா மாட்டறது. லாரின்னா மாட்டோணும்னு தெரியும். கேனுக்கும் அதேதான்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

நான் சொல்லியிருக்கலாம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்கா போர்வையைக் கையில் வாங்கி, தானே ஒருமுறை உதறிப் பார்த்தாள். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு பொய் சொல்லல."

"இல்லக்கா."

"பதினோரு நாளும் தலைய ஆட்டுனாரு."

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் போர்வையை எடுத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் தட்டும்வரை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாராவது பீடி பற்றிப் பேசினால் அக்கா குறுக்கிட்டு, "பீடி இல்லீங்க," என்பாள். விளக்கம் எதுவும் சொல்வதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள்.

போன மாதம் போயிருந்தபோது, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்லாம இருந்திருந்தா அவரு மேல கோவமாவே இருந்திருப்பேன் சாமி. கோவம் இருந்தவரைக்கும் ராத்திரி தூக்கம் வந்துச்சு."

குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.