தேயிலை நிரையில் எழுதிய பத்தாம் வகுப்பு

எங்கள் தோட்டத்துப் பெண்களை ஸ்மார்ட்போன் வாங்க வைத்தது யானைதான். கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கம் தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு யானை புதிதில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்பது முன்னெல்லாம் யாராவது அலறினால்தான் தெரியும். பிறகு வாட்ஸ்ஆப்பில் யானைக்கென்றே ஒரு குழு வந்தது. யார் கண்ணில் பட்டாலும் இடத்தைச் சொல்லிக் குரல் பதிவு போட வேண்டும். புருஷன்மார் சட்டைப்பையில் கிடக்கிற போனுக்குச் செய்தி வந்தால் காட்டில் நிற்கிற எங்களுக்கு என்ன பிரயோசனம் என்று, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில் நான்தான் சத்தம் போட்டேன். அந்த வருஷமே பெண்கள் கையிலும் ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. குழுவில் யானையைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் விடிந்தால் காலை வணக்கம் வரும். யானையோ என்று பதறித் திறந்தால் ரோஜாப்பூ இருக்கும். அனுப்பியவளை அன்று முழுவதும் நான் சும்மா விடமாட்டேன்.

அந்த போன் வழியாகத்தான் பத்தாம் வகுப்பும் எனக்கு வந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குச் சோகக் கதை எதுவும் கிடையாது. பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் போக வேண்டும், ஜீப்பில் ஏறினால் எனக்கு வாந்தி வரும், அவ்வளவுதான். பின்னால் எனக்கு வாய்த்தவரும் ஜீப் ஓட்டுகிறவர். அதைச் சொல்லி ஊரே சிரித்து முடித்துவிட்டதால் நீங்கள் புதிதாகச் சிரிக்க ஒன்றுமில்லை.

நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. இனிமேல் சரிவில் ஏறி இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்தில் சரிவில்லாத வேலை என்று பார்த்தால், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ் ஒன்றுதான். அங்கே இருந்த அம்மா ஓய்வு பெறப் போகிறார் என்றும், அந்த வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றும் ஆபீஸில் சொன்னார்கள். அவர் போகும்போது என் கையில் சான்றிதழ் இருந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். தோட்டத்தில் வேலை இல்லாதவருக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் நிலைக்காது. என் வீட்டில் தோட்ட வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். கிரஷ் கிடைக்காவிட்டால் நானும் ஜீப்பும் ஜீப்காரரும் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

பள்ளியை விட்டவர்கள் பத்தாவது எழுதக் கேரளத்தில் ஒரு வழி இருக்கிறது. மலையாளத்தில் துல்யதா என்பார்கள். ஆனால் தமிழில் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கம் ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த டீச்சர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரத்தில் இருந்தார். பஸ்ஸில் போனால் ஒரு பகலே போய்விடும். போனில் என்றால் நினைத்த நேரத்தில் வந்து நிற்பார். ஆட்கள் சேர்ந்தால்தான் வகுப்பு என்றார்கள். நான் என்னோடு கொழுந்து வெட்டும் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன்.

முதலில் மாட்டியவள் என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி. கம்பம் பக்கத்துக்காரி, தோட்டத்திலேயே வேகமான கை அவளுடையது. கத்தரி பிடிக்கிறதுக்கு எவன் பத்தாவது கேட்கிறான் என்று கொஞ்ச நாள் முரண்டு பிடித்தாள். பிறகு நான் படித்து அவள் படிக்காமல் இருந்தால் நான் எப்படியெல்லாம் அலட்டுவேன் என்று யோசித்திருப்பாள் போல. அவளே போனோடு வந்து உட்கார்ந்தாள்.

கிரஷ் வராந்தாவிலும் அதை ஒட்டிப் போகிற மண்ரோட்டிலும் மட்டும்தான் எங்களுக்குச் சிக்னல் கிடைக்கும். அதுவும் மலைக்கு அந்தப் பக்கம், போடி பக்கத்து டவர் தயவு. சாயங்காலம் வேலை முடிந்து, சேற்றுக் காலைக் கழுவிவிட்டு, ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக வரிசையாக உட்காருவோம். திரையில் டீச்சர் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் தென்னை மரம், சில நாள் மயில். முதல் வாரம் முழுக்க அவர் எங்கள் கிரஷின் தகரக் கூரையைத்தான் பார்த்தார், எங்களில் பாதிப் பேர் கேமராவை அப்படிப் பிடித்திருந்தோம். மதினி தன் மைக்கின் சத்தத்தை அணைத்துவைத்துவிட்டுச் சந்தேகம் கேட்பாள். பதில் வராவிட்டால் டீச்சருக்குத் திமிர் என்பாள். என்னை யாராவது கணக்குப் போடச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதற்கு டீச்சர் ஒரே மருந்துதான் வைத்திருந்தார். "கோவிச்சுக்கிட்டே போடுங்க, வருமுங்க" என்பார். சில சமயம் வரவும் செய்தது.

எங்கள் வேலை முறையை இங்கே சொல்லியாக வேண்டும். கொழுந்து வெட்டப் போனால் ஆளுக்கொரு நிரை. நிரை என்றால் செடி வரிசை. அவரவர் நிரையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் முடித்தவள் சும்மா உட்கார மாட்டாள். பின்தங்கியவளின் நிரைக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்து வெட்டிக்கொண்டு வருவாள். வெட்டியதை அந்த நிரைக்காரியின் சாக்கிலேயே போடுவாள். இதை யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. யானை நடமாடும் காட்டில் ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் எடை போடப் போவது எங்கள் கூட்டத்தில் கிடையாது. இறங்கினால் எல்லோரும் சேர்ந்துதான் இறங்குவோம்.

பெரிய பரீட்சைக்கு முன்னால் போனிலேயே ஒரு தேர்வு வைத்தார்கள். கேள்வி வரும், கீழே இருக்கிற விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து ஆரம்பித்தோம். வழக்கம்போல மதினிதான் முதலில் முடித்தாள். பக்கத்தில் இருந்தவள் கணக்கில் திணறிக்கொண்டிருந்தாள். மதினி அவள் போனை வாங்கி முடித்துக் கொடுத்தாள். பிறகு அடுத்தவள் போன். பிறகு என்னுடையது. கொடுத்தவர்கள் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை, எனக்கும்தான். எல்லோரும் ஒன்றாக முடித்து, ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தோம். நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் முகம் சரியில்லை. திரையில் பக்கத்துக் கட்டத்தில், தேர்வு நடத்தும் மையத்திலிருந்து ஓர் ஆபீசரும் உட்கார்ந்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்ணாம். அது போகட்டும் என்றால், சரியான விடைகள் மட்டுமில்லை, தப்பான விடைகளும் ஒன்றாக இருந்தனவாம். கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறு எது என்ற கேள்விக்குப் பவானி என்று போட வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் பெரியாறு என்று போட்டிருந்தோம். மதினியைக் கேட்டால் வேறென்ன சொல்வாள்? பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே போய்த்தான் கம்பத்தில் அவள் அம்மா வீட்டு வயல் விளைகிறது. அது மேற்கே கடலுக்குப் போகிற ஆறு என்று யார் சொன்னாலும் அவள் நம்பத் தயாரில்லை.

"ஏனுங்க, மறைக்காமச் சொல்லோணும். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதுனீங்களா?" என்றார் டீச்சர்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பாத்து எழுதுறதா? நாங்க என்ன களவாணிகளா? எங்க மதினிதான் எல்லாருக்கும் எழுதிச்சு" என்றேன்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மதினி என் தொடையில் கிள்ளினாள், அந்தத் தடம் வெகுநாள் இருந்தது. வகுப்பு முழுவதையும் நிறுத்திவைப்பதாகவும், அடுத்த வருஷத்து ஆட்களோடு சேர்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றும் ஆபீசர் மலையாளத்தில் சொன்னார். அடுத்த வருஷம் கிரஷில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். நான் சண்டைக்காரிதான், ஆனால் அழுகை வந்தால் அதற்கு மேல் சண்டை போட வராது.

மதினிதான் என் போனைப் பிடுங்கி நிரை முறையைச் சொன்னாள். இந்தத் தடவை சத்தத்தை அணைக்காமல் சொன்னாள். யார் முடித்தாலும் முடியாதவளுக்குக் கை கொடுப்போம், அதைத்தான் செய்தோம், படிப்பில் அது கூடாதென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்றாள். உடனே டீச்சர் ஆபீசரிடம் திரும்பி மலையாளத்தில் எங்களுக்காக வாதாட ஆரம்பித்தார். சாதுவாக இருந்தவர் அப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கடைசியில் ஆபீசர் இறங்கிவந்தார். இன்னொரு தேர்வு வைக்கலாம். ஆனால் ஒருவர் கை இன்னொருவருக்கு எட்டக் கூடாது, எல்லோர் கேமராவும் திறந்திருக்க வேண்டும், யாராவது உதவினால் மொத்தமும் ரத்து என்றார்.

வராந்தாவில் கை எட்டாமல் உட்கார இடமில்லை. அதனால் மண்ரோட்டோரத் தேயிலையில், ஆளுக்கொரு நிரையின் வாசலில் உட்கார்ந்தோம். செடியின் தலை மேசை போலத் தட்டையாக இருக்கும். அதில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தோம். என் முழங்காலுக்காகக் கிரஷ் பிள்ளைகளின் குட்டி ஸ்டூல் ஒன்று கிடைத்தது. என் வீட்டுக்காரர் ஜீப்பை ரோட்டு முனையில் நிறுத்தி யானைக்குக் காவல் இருந்தார். வெயில் நன்றாக அடித்தது. திரையில் எங்கள் முகங்களுக்கு மேல் பலவண்ணக் குடைகள் தெரிந்தன. டீச்சர் ரொம்ப அழகாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, உடனே கண்டிப்பான முகத்துக்கு மாறிவிட்டார்.

அன்றும் மதினிதான் முதலில் முடித்தாள். அவள் கை பழக்கத்தில் பக்கத்து நிரைப் பக்கம் நீண்டது. சட்டென்று இழுத்து, இரண்டு கையையும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணிக்குள் சுருட்டிவைத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக முடித்தார்கள். முடித்தவர்கள் போகலாம் என்றார் டீச்சர். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு உதவுகிறார்கள் என்று ஆபீசர் நினைத்துவிடக் கூடாதே என்று, எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் வட்டிக் கணக்கில் மாட்டிக்கொண்டு கோபித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. ரோஜாப்பூ இல்லை. மேல் டிவிஷனில் ஒற்றை யானை, கீழே இறங்குகிறது என்று குரல் பதிவு. அது எங்களிடமிருந்து தூரம்தான், ஆனால் செய்தி வந்தால் காட்டில் யாரும் நிற்பதில்லை. ஜீப் ஹாரன் அடித்தது. டீச்சருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"முடிச்சவங்க மொதல்ல எறங்குங்க. இதென்ன வெளையாட்டுங்களா?"

மதினி திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"அவ நிரை இன்னும் முடியல டீச்சர்."

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு கணக்கைப் பார்த்தேன். அழுததால் கணக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு, மீதியைத் தெரிந்தவரை போட்டு முடித்து அனுப்பினேன். முடிந்தது என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் திரும்பினார்கள். என் முழங்கால் வேகத்துக்குத்தான் எல்லோரும் இறங்கினோம். திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். யானை அதன் வழியில் வேறெங்கோ போய்விட்டது.

அந்தத் தேர்விலும் தேறினோம், பிறகு பெரிய பரீட்சையிலும் தேறினோம். கிரஷ் அம்மா விடைபெற்ற அன்று சாவி என் கைக்கு வந்தது. மதினிக்கு என்னைவிட நல்ல மதிப்பெண். ஆனால் பெரிய பரீட்சையிலும் ஆற்றுக் கேள்வி வந்து, அதில் பெரியாறு என்றே போட்டிருக்கிறாள். பவானி என்று தெரியுமாம். இருந்தாலும் அம்மா வீட்டு வயலுக்குத் துரோகம் பண்ண மாட்டாளாம்.

இப்போது ப்ளஸ் டூ படிக்கிறோம், அதே வராந்தாவில், அதே டீச்சரிடம். வகுப்பு முடியும்போது அவர் கேட்பது ஒன்றுதான். "எல்லாரு நெரையும் முடிஞ்சுதுங்களா?" நாங்கள் ஒவ்வொருவராக வெளியேறி, கடைசி ஆளும் போன பிறகுதான் அவர் போவார்.

போன மழைக்கு ஒருநாள் வகுப்பு நடுவில் டவர் போய்விட்டது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் கிரஷைப் பெருக்கி, பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டி, கதவைப் பூட்டும்போது போனில் சிக்னல் திரும்ப வந்தது. சும்மா திறந்து பார்த்தேன். திரையில் டீச்சர் தனியாக உட்கார்ந்து தட்டில் தோசை தின்றுகொண்டிருந்தார். இன்னும் போகவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க வெளிய போனதாக் காட்டலைங்க. நெரை முடியாம எப்படிப் போறது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரமா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள், போய் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார். நான் வெளியேறும் பொத்தானைத் தொட்டேன். அதன் பிறகுதான் அவரும் போயிருப்பார்.