குளத்துக்குப் போகாத ஆண் பூச்சிகள்

ஷிகேயின் மூக்கு அப்படியே அவள் அம்மாவின் மூக்கு. நுனி கொஞ்சம் சப்பை, கோபம் வந்தால் விடைக்கும். அந்த மூக்கால்தான் அவள் பிழைப்பு கெட்டது. ஷிகேக்கு ஆறு வயசாக இருக்கும்போது, வீடு வீடாக மருந்து விற்க வந்த ஒருத்தனோடு அம்மா ஓடிப்போனாள். ஷிகேக்குக் கல்யாணமாகி மூணாவது வருஷம் அந்தச் சேதி மாமியார் காதுக்கு எட்டியது. "மூக்கு ஆத்தாளோடதுன்னா காலும் ஆத்தாளோடதுதான். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு ஓடிடுவா" என்று மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டாள். ஓடாதவளைத் துரத்திவிட்டார்கள், நல்ல நியாயம் போங்கள்! அண்ணன் வீட்டிலும் கதவைத் திறக்கவில்லை.

அப்போது இடம் கொடுத்தது உயேதா ஊர்ப் பக்கத்துத் தகிசாவா வீடு. பட்டுப்பூச்சியை முட்டையிட வைத்து, முட்டைகள் ஒட்டிய அட்டைகளை ஊரூராக விற்கிற வீடு. அவர்கள் புழுவுக்கு உடம்பெல்லாம் கறுப்பு வரி இருக்கும். அவர்கள் பேரைச் சொல்லி எவனாவது போலி முட்டை விற்றால், புழு வளர்ந்ததும் வரியில்லாமல் வெளுத்து நிற்கும், குட்டு உடைந்துவிடும். அந்த வரிப்புழுக்கள் பதினாலு வருஷமாக ஷிகேயின் பொறுப்பு. ஒரே ஒரு குறை, அவை கட்டுவது மஞ்சள் கூடு. நூல் ஆலைக்காரர்கள் இப்போது வெள்ளைக் கூடுதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வரியும் வேண்டும், வெள்ளையும் வேண்டும். எட்டு வருஷமாகப் பார்த்தாகிவிட்டது. வரிப்புழுப் பூச்சியையும் வரியில்லாத வெள்ளைக்கூட்டுப் பூச்சியையும் இணை சேர்த்தால், பிள்ளைகள் எல்லாமே வரியும் மஞ்சளுமாக வரும். அந்தக் கலப்புப் பெண்ணை மறுபடி சுத்த வெள்ளை ஆணோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி. வரி இருந்தால் மஞ்சள், வரி இல்லாவிட்டால் வெள்ளை. தப்பித்தவறிக்கூட ஒன்று மாறி வராது.

"ரெண்டும் ஒட்டிப் பொறந்தது, யாராலயும் பிரிக்க முடியாது" என்பார் மேஸ்திரி கன்சோ. சொல்லிவிட்டு ஷிகேயின் முகத்தைப் பார்ப்பார். "உன் மூக்கும் காலும் மாதிரி."

கூட இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஷிகே இலையை இன்னும் வேகமாக நறுக்குவாள்.

மெய்ஜி சக்கரவர்த்தியின் காலம் முடிந்த மறுவருஷம், பூச்சிகள் வெளிவரும் ஜூன் மாதத்தில், முதலாளி தகிசாவா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த வருஷத்தோட வரிப்புழுவுக்கு முழுக்கு. ஷிகே, உனக்கும் அதுக்கப்புறம் இங்க வேலை இருக்காதும்மா. வேற இடம் பாத்துக்க."

வேற இடமாம். அவளுக்கு ஏது வேற இடம்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பன் எப்போதும் சுத்த ரத்தமாக இருக்க வேண்டும். அதனால் கலப்பில் வந்த ஆண் பூச்சிகளை எதற்கும் சேர்க்க மாட்டார்கள். வாளியில் வாரிப் பின்கட்டுக் குளத்தில் கொட்டுவார்கள், கெண்டை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். முட்டை அட்டையிலும் தாயின் வகைதான் எழுதப்படும். அப்பன் யாரென்று எழுதுவதே இல்லை, சுத்தமானவன்தானே, எழுத என்ன இருக்கிறது!

மறுநாள் காலை வாளி குளத்துக்குக் கிளம்பியபோது ஷிகே குறுக்கே போய் நின்றாள். முழங்கைவரை உள்ளே விட்டு, படபடத்துக்கொண்டிருந்த ஆண்களில் பன்னிரண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"ஏய், என்னடி பண்றே? புத்தி கெட்டுப்போச்சா?" கன்சோ ஓடி வந்தார்.

"எட்டு வருஷமா தாயைத்தானே மாத்தி மாத்திப் பாத்தீங்க அண்ணே? கலப்பு ஆணை ஒரு தடவையாவது சேத்துப் பாத்தீங்களா?"

"அது வழக்கமில்ல."

"வழக்கமில்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். முடியாதுன்னு சொல்லாதீங்க. செஞ்சே பாக்காம முடியாதுன்னு எப்படித் தெரியும்?" அவள் மூக்கு விடைத்துவிட்டது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒரே ஒரு அட்டை. பலிக்கலைன்னா பேசாம போயிடணும்."

"போயிடறேன் முதலாளி."

பன்னிரண்டு கலப்பு ஆண்களையும் பன்னிரண்டு சுத்த வெள்ளைப் பெண்களோடு சேர்த்தாள். அட்டையின் முதுகில், அந்த வீட்டில் யாரும் எழுதாததை எழுதினாள்: 'அப்பன், கலப்பு.' கன்சோ அதைப் படித்துவிட்டுக் காறித் துப்பினார். வசந்தம்வரை முட்டை பொரியாமலிருக்க, அட்டை மலைக் குகையின் குளிருக்குப் போனது.

அடுத்த வசந்தத்தில் முட்டை பொரிந்தது. ஒரு மாதம் மல்பெரி இலை நறுக்கி நறுக்கி அவள் கை காய்த்துப்போனது. நான்காம் தோல் உரித்து நாலு நாள் ஆனதும், வரிப்புழுக்களை ஒவ்வொன்றாகக் குப்புறப் புரட்டி வயிற்றுக்கால்களைப் பார்த்தாள். மஞ்சள் கூடு கட்டப்போகும் புழுவுக்கு ரத்தமே மஞ்சள், அது காலில் தெரியும். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஐயோ, போச்சே என்று அடுத்ததைப் புரட்டினாள். ஆறாவது புழுவின் கால்கள் பால் மாதிரி வெளுத்திருந்தன.

மொத்தப் புழுவில் நூற்றுக்குப் பதின்மூன்று வரியும் வெள்ளையுமாகத் தேறியது. வரியையும் நிறத்தையும் பிள்ளைக்குக் கொண்டுபோகும் இழைகள் தாய்ப் பூச்சிக்குள் அறாமலே போகுமாம், ஆணுக்குள் மட்டும் பாதியில் அறுந்து, ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளுமாம். படித்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஷிகேக்கு அதெல்லாம் யார் சொன்னது? எட்டு வருஷமாக யாரும் செய்து பார்க்காமல் விட்டுவைத்தது ஒரே ஒரு வழிதான் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

வரிப்புழுக்கள் வெள்ளைக் கூடு கட்டிய அன்று கன்சோ ஒரு கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றார். அப்புறம் அவரே, "அந்த வாளியெல்லாம் நான்தானே கொட்டினேன்" என்று முனகிவிட்டு வெளியே போனார்.

முதலாளி மட்டும் நின்றார். "இந்தச் சேதி ஊர்ல பரவினா மத்த வீட்டுக்காரங்க உன்னை வந்து கூப்பிடுவாங்க. நீ..." அவர் கண் அவள் மூக்கில் நின்றது. "போயிடமாட்டியே?"

ஷிகே கையிலிருந்த கூட்டைத் தட்டில் வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா இங்கயே நிக்கறேன், இன்னுமா கேக்கறீங்க? மூக்கு எங்கம்மாவோடது முதலாளி. கால் என்னோடது."