மந்தாரக்குப்பத்துப் பீடத்தில் ஒரு சிவப்பு ஒயின்

காலை 6.30. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறும்போதே எனக்குக் கோபம்தான். பயணக் கட்டுரையை இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். விடிகாலைக் காற்று, ஆவி பறக்கும் தேநீர், ஜன்னலோர இருக்கை என்று தொடங்க வேண்டும். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கோபம் போகவில்லை.

வியாழக்கிழமை என் தங்கை ரெஜினா போன் செய்திருந்தாள். "அண்ணே, அவருக்கு வேலை முடிஞ்சிடுச்சு. சனிக்கிழமை வாங்க. அந்த பாட்டில என்னா பண்றதுன்னு நீங்கதான் வந்து சொல்லணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அந்த பாட்டிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சாப்பாட்டு மேசைகளுக்கு ஒயின் ஊற்றுகிறவன். ரெஜினாவின் கணவர் சவரிமுத்து நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருடைய அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்குப் பதில் வேலை என்று பேச்சு. வந்ததோ கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகிவிடும், பர்மனென்ட் ஆகிவிடும் என்று இருபதுகளில் ஆரம்பித்தார். அவர் மகன் பிரவீன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்கிய வருஷம் அந்தப் பேச்சு ரொம்பச் சூடாக இருந்தது. அடுத்த வருஷமே ஆர்டர் என்று ஊரே சொன்னது. அந்த விருந்துக்கு நான் ஒரு கனத்த சிவப்பு ஒயின் கொண்டுபோயிருந்தேன். நல்ல ஒயின், என் சம்பளத்துக்கு மிஞ்சியது. சவரிமுத்து அதைத் திறக்க விடவில்லை. "ஆர்டர் வர்ற அன்னிக்கு தொறப்போம் மச்சான்" என்றார். இந்த ரகம் இருக்க இருக்க நன்றாகும் என்று நானும் தலையாட்டினேன். குளிர்ச்சியான இடம், இருட்டு, பாட்டில் படுத்திருக்க வேண்டும் என்று மூன்று விஷயம் சொல்லிவிட்டு வந்தேன். பையனுக்கு அப்போது பத்து வயது. இப்போது இருபத்தாறு.

சவரிமுத்துவுக்கு அறுபது. இனி வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஆர்டர் வரவில்லை.

காலை 7.20. ஆல்பேட்டை சோதனைச் சாவடி. ஒரு காவலர் பேருந்தில் ஏறிப் பைகளைத் தட்டிக்கொண்டே வந்தார். என் பையில் லுங்கிக்குள் சுற்றி இன்னொரு ஒயின் பாட்டில் இருந்தது. பழையது கெட்டுப்போயிருந்தால் வேலையிலிருந்து நின்ற மனிதரை வெறும் வாயோடு உட்கார வைக்கக் கூடாதே என்று எடுத்துக்கொண்டது. "பையில என்ன?" என்றார். "துணிங்க" என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். நரைத்த தலைக்கு இந்த நாட்டில் கிடைக்கும் ஒரே சலுகை அது.

கடலூரில் இறங்கி பண்ருட்டி வண்டி. கத்திரி வெயில் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. பண்ருட்டியில் சாலையோரம் முழுக்கப் பலாப்பழம். இருபது ரூபாய்க்கு ஒரு பொட்டலம் சுளை வாங்கினேன். அங்கிருந்து நெய்வேலி ஆர்ச் கேட் வரை சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பல வருஷமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர், "இது முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை 9.45. ஆர்ச் கேட். நெய்வேலிக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் இது கடலூர் மாவட்டம்தானா என்று சந்தேகம் வரும். கோடு போட்ட மாதிரி சாலை, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ், ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் மாமரம். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நிழல் எல்லோருக்கும் பொதுவாக விழுகிறது. நடந்து போகிற யாரும் அதில் நிற்கலாம். தங்கத்தான் பர்மனென்ட் ஆக வேண்டும்.

ரெஜினாவின் வீடு இருக்கும் மந்தாரக்குப்பத்துக்கு ஆட்டோ கேட்டேன். டிரைவர் பெயர் காதர். நானூறு சொன்னார், முந்நூறுக்கு வந்தார். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டா? என் மச்சானும் அதாங்க. பர்மனென்ட் ஆனதும் பொண்ணு பாக்கலாம்னு சொல்லிகினே இருந்தான். இப்ப அவனுக்கே முடி கொட்டிப்போச்சு" என்றார்.

"கல்யாணம்?"

"ஆவலிங்க. இன்னும் ஆர்டர் வரலியே."

டவுன்ஷிப்பைத் தாண்டியதும் மரங்கள் ஒரேயடியாக நின்றுவிட்டன. மந்தாரக்குப்பம் கடைவீதியில் நெரிசலும் தூசியும். ஒரு கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி வெள்ளையாக இல்லை.

காலை 10.30. வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு அறை. சவரிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார், ஆபீசுக்கு யாரோ கூப்பிட்ட மாதிரி. "வாங்க மச்சான்" என்று பையை வாங்கிக்கொண்டார். உள்ளே பிரவீன் தரையில் உட்கார்ந்து மிக்சியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐடிஐ படித்தவன்.

நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பாட்டில் எங்கம்மா?" என்றேன்.

ரெஜினா கையைக் காட்டினாள்.

சுவரில் இருதய ஆண்டவர் படம். படத்துக்குக் கீழே பீடம். பீடத்தில் வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் பூ, மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, மேலே இரவும் பகலும் எரியும் சிவப்புச் சீரோ வாட் பல்பு. பல்புக்கு நேர் கீழே, நிமிர்ந்து, தங்க ஜரிகை ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது என் ஒயின். பக்கத்திலேயே பதினாறு வருஷ மெழுகு உருகி வழிந்திருந்தது.

கத்திவிட்டேன். தங்கை வீட்டில், வந்து ஐந்து நிமிஷம் ஆகாத நிலையில், வாய்விட்டுக் கத்திவிட்டேன். "இருட்டுல வைக்கச் சொன்னேன். விளக்குக்குக் கீழ வச்சிருக்கே. குளிர்ச்சியான இடம்னு சொன்னேன். கூரையைத் தொட்டா கை வெந்துபோவுது. படுக்க வைன்னு சொன்னேனா இல்லியா?"

"சாமிகிட்ட போய் படுக்க வைப்பாங்களாண்ணே?" என்றாள் ரெஜினா. குரலை உயர்த்தவில்லை. "பூசைக்கு வைக்கிற ஒயின் நேராத்தான நிக்கிது. ஆர்டர் வரணும்னு இதுக்கு முன்னாடிதான் தெனமும் ஜெபமாலை சொல்லிகினு இருந்தோம். கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு ஆண்டவரே குடுங்கன்னு கேக்க முடியுமா?"

ஒயின் பற்றிய எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

கனத்த சிவப்பு ஒயின் இளசாக இருக்கும்போது நாக்கைப் பிடித்து இழுக்கும். பச்சை நாவற்காயைக் கடித்த மாதிரி. இருட்டிலும் குளிரிலும் அசையாமல் கிடந்தால் வருஷம் போகப் போக அந்தப் பிடி தளர்ந்து உள்ளே இருக்கும் பழமும் மணமும் மேலே வரும். படுத்துக் கிடந்தால்தான் தக்கை நனைந்து, காற்றை உள்ளே விடாது. நிமிர்ந்து நின்றால் தக்கை காய்ந்து சுருங்கிவிடும். வெயிலும் வெளிச்சமும் சேர்ந்தால் ஒயின் முதிராது, வேகும். நான் பாட்டிலை எடுத்துக் கதவோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்துவரை இருக்க வேண்டிய ஒயின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. பீடத்துத் துணியில் அது நின்ற இடத்தில் ஒரு பழுப்பு வட்டம்.

இனி இதைத் திறந்து, சவரிமுத்துவின் வேலைக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம் என்று நினைத்தேன். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பித்தான் மூன்று வண்டி மாறி வந்தேன்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "மச்சான், பையனுக்கு கேட் பாஸ் போட்டுட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து கான்ட்ராக்ட். என் எடத்துலதான்."

"சரி."

"அதான் உங்கள வரச்சொன்னது. நீங்க இதுல வெவரம் தெரிஞ்சவரு. பாத்துச் சொல்லுங்க. இது இன்னும் எத்தினி வருஷம் தாங்கும்? அவன் பர்மனென்ட் ஆவற வரைக்கும் தாங்குமா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. நிஜமாகவே கேட்கிறார். இருபத்தாறு வயதுப் பையன் முன்னால், இருதய ஆண்டவர் முன்னால், இன்னொரு முப்பது வருஷத்துக்கு இந்தச் சனியனை வைக்கலாமா என்று கேட்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி கெட்டது எதுவும் இல்லை. கான்ட்ராக்டர் அங்கே இல்லை. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் வந்து கைகூப்பியவர்கள் அங்கே இல்லை. அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொன்ன ஒருத்தனும் அந்த ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே இல்லை. இருந்தது இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு மனிதர்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்கல்ல மச்சான்" என்றார்.

"பூமியக் குடுத்ததே நீங்கதானய்யா" என்றேன்.

பையிலிருந்து தக்கை திருகியை எடுத்தேன். சவரிமுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மச்சான். தொறந்துட்டா அவ்ளோதான்." சுரங்கத்தில் வேலை பார்த்த கை, விடுவிக்க முடியவில்லை. ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொறங்க மாமா" என்றான் பிரவீன்.

அப்பா கையை எடுத்தார்.

தக்கை வரவில்லை. பொடிந்து பாதி உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடிகட்டி நான்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஒரு வாய் மட்டும் வெள்ளைத் தட்டில் சாய்த்துப் பார்த்தேன். சிவப்பு எங்கேயும் இல்லை, பழைய புளி கரைத்த தண்ணீர். மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் மாதிரி காடி நெடி. அதற்கு அடியில் கொதிக்க வைத்த உலர்திராட்சை. வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு குத்தியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல ஒயினுக்கு நடுவில் ஒரு கனம் இருக்கும், அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இது நல்ல ஒயின். நன்றாக வந்திருக்க வேண்டிய ஒயின். அதுதான் ஆத்திரம்.

பிரவீன் கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான். ரெஜினா உதட்டில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தாள்.

சவரிமுத்து முழு டம்ளரையும் நிதானமாகக் குடித்தார். அடியில் இருந்த வண்டலைக்கூட விடவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"நல்லா இல்லப்பா" என்றான் பிரவீன்.

மதியம் 1.00. ரெஜினா மிச்சத்தை மாட்டுக்கறியில் காடிக்குப் பதிலாக ஊற்றிவிட்டாள். கறி மிருதுவாகத்தான் வெந்தது. சாப்பாட்டுக்கு இலை போட்டதும் என் பையிலிருந்து புது பாட்டிலை எடுத்து வைத்தேன். அதே ரகம், போன வருஷத்து அறுவடை.

சவரிமுத்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். லேபிளைத் தடவினார். அவர் கண் பீடத்துக்குப் போனது, அந்தப் பழுப்பு வட்டத்துக்கு. பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த இருட்டுக்குப் போனது.

"மச்சான், இத வெச்சிடலாமா?" என்றார். "இந்த வாட்டி படுக்க வெச்சிடறோம்."

பிரவீன் எழுந்து வந்து அப்பாவின் கையிலிருந்து பாட்டிலை வாங்கினான். பிடுங்கவில்லை, வாங்கினான். என் தக்கை திருகியை எடுத்து, மிக்சி பிரிக்கிற அதே பொறுமையோடு திருகித் திறந்தான். அப்பாவின் டம்ளரில் முதலில் ஊற்றினான்.

"குடிப்பா."

"நீ பர்மனென்ட் ஆவும்போது?"

"அப்ப தண்ணி குடிச்சிக்கிலாம்."

அது குடிக்கிற பக்குவத்தில் இல்லை. பத்து வருஷம் வைத்திருக்க வேண்டிய ஒயின். ஈறை இறுக்கிப் பிடித்தது, நாக்கு மரத்துப்போனது. சவரிமுத்து முகம் சுளித்தார், ரெஜினா தண்ணீர் கேட்டாள். ஆனாலும் பாட்டில் காலியாகும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது டம்ளருக்கு மேல் சவரிமுத்து இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மாலை 4.30. பிரவீன் பைக்கில் ஆர்ச் கேட் வரை கொண்டுவந்து விட்டான். டவுன்ஷிப்புக்குள் மறுபடியும் நிழல். ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இறக்கிவிட்ட பிறகு கேட்டான். "மாமா, அந்தப் புது பாட்டிலு, வெச்சிருந்தா நல்லா ஆயிருக்குமில்ல?"

"ஆயிருக்கும்டா."

"பரவால்ல. இன்னும் நாக்கைப் பிடிச்சிகினுதான் இருக்குது" என்று சொல்லி வண்டியைத் திருப்பினான். திங்கட்கிழமை போகிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போவான். வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

திங்கள் இரவு, புதுச்சேரி. எங்கள் ஓட்டலில் இருபத்துநான்கு மணி நேரமும் ஏசி. ஒயின் வைக்கிற அறை கோயில் கருவறை மாதிரி இருட்டாக, ஜில்லென்று இருக்கும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை. ஒரு விருந்தினர் கனத்த சிவப்பு ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு, இதே மாதிரி ஒரு பாட்டில் வீட்டில் இருக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் வைக்கலாம் என்று கேட்டார்.

"இன்றைக்கே போய்க் குடித்துவிடுங்கள்" என்றேன்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.