கடலோரம் எங்களுக்கு ஒரு மனை

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களைச் சாய்த்துப்போட்டிருந்த காலம் அது. தியாகதுருகத்திலிருந்து பேருந்து கிளம்பினால் போய்ச் சேருமா என்பதே ஐயம். போராட்டம் சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை பார்க்க எங்களை ஏற்றிப்போக ஒரு வேன் வந்தது. பாண்டிச்சேரிக்கு வடக்கே, கடலோரத்தில் மனைகள். வண்டி இலவசம், மதியம் பிரியாணியும் இலவசம். ஏற்பாடு அம்மாவின் அண்ணனுடையது. நானோ அதுவரை கடலைக் கண்டதில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

வழிநெடுக, வெட்டப்பட்ட புளியமரங்களின் அடிக்கட்டைகள். அவற்றைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: “நம்ப புள்ளைங்களுக்குப் பங்கு இல்லன்னா, கேக்காம இன்னா பண்றது?”

“பங்கு வர்றப்ப வரட்டும் மாப்ள. நீ மொதல்ல மனைய வாங்கிப் போடு. லாட்ஜு வருது, வெள்ளக்காரன் வரான். உம் பொண்ணு அங்க ஓட்டல் வச்சி கல்லாவுல உக்காந்துக்கினு இருப்பா, பாரு” என்றார் மாமா. நான் அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் நீலமாக ஏதோ நீண்டு கிடந்தது. கல்வராயன் மலையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். “இங்கயும் மலையா?” என்று கத்தினேன். வேன் முழுவதும் சிரித்தது. அடுத்த நொடி அந்த மலை அசைந்தது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

என்னைப் பிடித்து இழுத்து வந்தபோது, அப்பா மனை விற்பவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் நிலம் வாங்குபவர், எல்லைக்கல் நடுவதற்கு முன் நான்கு எல்லைக்காரர்களின் வாயாலும் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் நட்ட கல் மரியாதையற்ற கல்.

“கெழக்கால யாரு?”

“கடலுங்க. அதான் சம்மதம் சம்மதம்னு சொல்லிக்கினே கீதே!” என்றார் விற்பவர்.

அப்பா சிரிக்கவில்லை. எங்களுக்குக் காட்டப்பட்ட மனையிலேயே ஓர் அம்மாள் மணலில் மீனைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் போய், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“இங்க கல்லு நடப் போறோம்மா. உங்களுக்குத் தடையொண்ணும் இல்லீங்களே?”

அந்த அம்மாள் விற்பவரைப் பார்த்தார், பிறகு அப்பாவை.

“எத்தினியோ பேரு வந்து நட்டுட்டுப் போனாங்க. ஒருத்தரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல. நீதான் கேட்ட. நட்டுக்கோ அண்ணே, நான் அந்தாண்ட போயிக்கறேன். கருவாடுதான் எங்க சோறு, கொஞ்சம் பொறு, வாரிக்கறேன்.”

அப்பாவின் முகம் தெளிந்தது. தமக்கும் அவருக்கும் நியாயம் நடந்துவிட்டதாகவே அவர் நம்பினார். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கல் நட்டார்கள். அந்த அம்மாளுக்கும் ஒரு தேங்காய்ச்சில் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு விடுதிக்காரர் அந்த மனையை வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில்தான் நான் பட்டம் பெற்றேன். இன்று அந்தக் கரையில் மதில்களுக்கு இடையே கடலைத் தேடித்தான் காண வேண்டும்.

அன்று எனக்கோ ஒரே கொண்டாட்டம். அந்த அம்மாளின் கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். மற்ற மனைகளிலெல்லாம் கல் முளைத்திருந்ததால், மீதியிருந்தது அலையோரம்தான்.

“பாத்து கண்ணு, பாவாட நனையுது!”

நான் கேட்கவில்லை. ஒவ்வோர் அலைக்கும் கூவிக்கொண்டே, அவருடன் சேர்ந்து மீன்களை ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினேன். மணல் அங்கே கறுத்து, காலுக்கு என்ன குளிர்ச்சியாக இருந்தது! ஈர மணலில் கருவாடு காயாது என்பது எனக்குத் தெரியவில்லை.