அணைக்க வேண்டாம்

அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போன வருஷம், அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் அம்மாவுக்கு ஓய்வு. கூட வேலை செய்த பெண்ணின் லேப்டாப்பில் அவள் முகம் காட்டுவாள், மூங்கில்துறைப்பட்டில் நாங்கள் பார்ப்போம். ஏற்பாடு அப்படி.

கம்ப்யூட்டரின் ஏற்பாடு வேறாக இருந்தது. அம்மா பேச வாயெடுத்ததும் படம் உறைந்துவிடும், இல்லையென்றால் திரை முழுக்க நீலமாகிவிடும். 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருவதை அக்கா படித்துச் சொல்வாள். என்ன தவறு, எப்படிச் சரிசெய்வது என்று ஒன்றும் இருக்காது. விளக்கப் புத்தகமும் கூட வரவில்லை. விற்ற கடைக்காரரைக் கேட்டால், "அணைச்சிட்டுப் போடுங்க" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டியவர்.

"டிராக்டர்னா எங்க மக்கர் பண்ணுதுன்னு கைய வச்சிப் பாக்கலாம். இது இன்னா ஆச்சுன்னு சொல்லாம, ஏதோ ஆச்சுன்னு சொல்லிக்கினு கீது!" என்று மேசையில் ஓங்கித் தட்டுவார். பிறகு பிளக்கைப் பிடுங்குவார்.

அந்த ஆடியில், மணலூர்பேட்டையில் இருந்த தாத்தா, அம்மாவின் அப்பா, திடீரென்று இறந்துபோனார். அம்மாவால் வர முடியாது. பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர்களிடம் இருந்தது. போனில் சொல்லிவிடலாம் என்றார் மாமா.

"அங்க தனியா கீறா. வெள்ளிக்கெழம மொகத்தப் பாத்து நானே சொல்றேன்" என்றார் அப்பா. அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லிவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கீழே ஒரு வரி: புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம். எவ்வளவு நேரம் என்று வழக்கம்போல் இல்லை.

அக்கா பிளக்கில் கை வைத்தாள். "அம்மா காத்துக்கினு இருக்கும்பா. அணைச்சிட்டுப் போடட்டா?"

"வேணாம்மா. அணைக்காதன்னு போட்டுக்கீதே."

"எப்பவுந்தான் எதுனா போடுது. நீதான புடுங்குவ?"

"சுத்தட்டும், வுடு."

அவர் மேசையைத் தட்டவில்லை. முழங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒருவழியாகப் பொறுமை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வெகுநேரம் கழித்து அது தானாகவே திறந்துகொண்டது. அம்மா வந்தாள். அவ்வளவு தெளிவாக அவளை அதில் நாங்கள் பார்த்ததே இல்லை. கையில் ஒரு சின்னப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கப்பாவுக்குத் தைலம் வாங்கி வச்சிக்கீறேன். முட்டிவலி எப்படிக் கீதாம் அவருக்கு?"

அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "சரியா கேக்கல."

அம்மா மறுபடியும் உரக்கக் கேட்டாள்.

"கேக்கலியே... மிஷின் மக்கர் பண்ணுது."

"நல்லாத்தாம்பா கேக்குது" என்றேன் நான்.

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு சொன்னார். அம்மாவின் அழுகை ஓரிடத்திலும் அறுபடாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவ்வளவு நன்றாகக் கேட்டதை அப்பா ஏன் கேட்கவில்லை என்றார் என்பதுதான் அன்று முழுவதும் எனக்கு விளங்கவே இல்லை.