ஒரு முறம் தவிடும் ஒரு பெயரும்

இக்குறிப்பில் நான் நேரில் கண்டவற்றையும் என் காதால் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பெண் குழந்தைகளுக்கான பெயர்நூல்களைத் தொகுப்பது என் தொழிலாக இருந்தது. அத்தொழிலில் பிழை நுழையும் வழி ஒன்றுதான்: பொருள் தெரியாத இடத்தில் இனிமையான பொருளொன்றை இட்டு நிரப்பிவிடும் ஆசை. பெயர் தேடி வருகிறவர் அழகைக் கேட்கிறார். தொகுப்பவரும் அழகைக் கொடுத்துவிடுகிறார். 'மரியம்' என்னும் பெயரின் வேர் எதுவென்று அறிஞரிடையே இன்னும் முடிவாகவில்லை. சந்தையில் விற்கும் நூல்களிலோ அந்தத் தயக்கத்தின் நிழல்கூடக் கிடையாது. எங்கள் பதிப்பகத்தில் அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் இல்லாமல் எந்தப் பெயருக்கும் பொருள் எழுதுவதில்லை. இங்கும் அவ்விதியையே பின்பற்றுகிறேன். பின்பற்ற முடியாத இடங்களை இறுதியில் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் கேட்ட சாட்சி

நூல் அச்சுக்குப் போகும் தறுவாயில் இருந்தது. கிரேக்கப் பெயர்கள் முடிந்திருந்தன. அரபு, எபிரேயம், பாரசீகம், வடமொழி, தமிழ் யாவும் முடிந்திருந்தன. 'காப்புப் பெயர்கள்' என்று நான் தலைப்பிட்டிருந்த சிறு பகுதி மட்டும் மேலாளரின் மேசையிலேயே கிடந்தது. பிறந்த குழந்தைகள் தங்காத வீடுகளில், அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு வேண்டுமென்றே இழிவாக இடப்படும் பெயர்கள் அவை: குப்பம்மா, பிச்சை, தவிட்டம்மா.

"மேடம், நம்ம புக்க வாங்கறது யாரு? வளைகாப்பு முடிஞ்ச பொண்ணுங்க. அவங்க முன்னால குப்பம்மான்னு ஒரு பக்கத்த விரிச்சு வெப்பீங்களா?" என்றார் மேலாளர்.

"அதுவும் பெண் பெயர்தானே சார்?"

"பேருதான். இன்னிக்கு யாரு வெக்கறாங்க? வெக்கறாங்கன்னு ரெண்டு சாட்சி கொண்டாங்க, போட்டுடறேன். அடுத்த வாரம் ஃபைனல் ப்ரூஃப். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

என் விதியையே அவர் என்மீது ஏவினார். மறுநாட்காலை வேலூரிலிருந்து திருப்பத்தூருக்குப் பேருந்து ஏறினேன். மலைமேலுள்ள நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூரொன்றில் குப்பம்மா என்ற பெயரில் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டதை மட்டும் வைத்து அச்சிட முடியாது.

ஆட்டின் தகப்பன்

மலைக்குச் செல்லும் ஜீப் ஆள் நிறையாமல் நகராது. நான் ஏறி அமர்ந்தேன், இறங்கினேன், மீண்டும் ஏறினேன். ஓட்டுநர் சவரி அடிவாரத்துக் கத்தோலிக்கர். என் பொறுமையின்மையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்நூலுக்காக வந்திருக்கிறேன் என்றறிந்ததும் முன்னிருக்கைக்கு என்னை மாற்றினார்.

"மேடம், எம் பொண்ணு பேரு ராகேல். அதுக்கு இன்னா அர்த்தம்?"

"எபிரேய மொழிப் பெயர். பெண்ணாடுன்னு பொருள்."

பின்னால் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அதான்யா உன் வூட்ல எப்பப் பாத்தாலும் ஒரே சத்தமா கீது!" என்றார்.

"இன்னா மேடம் இது, பங்குச் சாமியாரு வெச்ச பேரு! வேற நல்லதா ஒண்ணும் இல்லியா?"

"இல்லாததை நான் எப்படிச் சொல்றது? மந்தை வச்சிருந்தவங்க வைச்ச பேர். அவங்களுக்கு ஆடுதான் சொத்து."

"அப்ப எம் பொண்ணு சொத்து. அப்புடியே புக்குல போட்டுடுங்க" என்று சவரி முடித்துக்கொண்டார். போட முடியாது என்று நான் சொல்லவில்லை. 'பர்வீன்' என்றால் கார்த்திகை விண்மீன் கூட்டம், 'ஸ்டெல்லா' என்றால் விண்மீன் என்றெல்லாம் வழி முழுவதும் சொல்லிக்கொண்டு போனேன். பேச்சு ஓய்ந்த இடங்களில் வளைவுகளை எண்ணாமலிருக்க முயன்றேன். மேற்கில் மழை கட்டியிருந்தது.

"மழை புடிச்சிக்கிச்சின்னா மண்ணு சரியும். சீக்கிரம் கேட்டுனு வந்துடுங்க. ஆரன் அடிப்பேன்" என்று சொல்லி, ஊர்முனையிலிருந்த சின்னசாமி என்பவரின் வீட்டைக் காட்டினார் சவரி.

விற்பனை

சின்னசாமி சாமை பயிரிடுபவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வீட்டில் அவரும் மருமகள் மல்லிகாவும் மட்டும். அவருடைய தமக்கையின் பெயர் குப்பம்மா. காரணத்தைக் கேட்டவுடன் தடையின்றிச் சொன்னார்.

"எங்கம்மாவுக்கு மூணு தங்கல. நாலாவது எங்கக்கா. பொறந்த அன்னிக்கே பக்கத்து வூட்டுக்காரி ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கினா. அப்பறம் அது எங்க வூட்டுக் கொழந்த இல்ல. எமன் எங்க வூட்டத் தேடி வந்தா இங்க ஒண்ணுமில்ல பாரு."

"பெயர்?"

"வாங்கினவங்கதான் வெக்கணும். ஆசப்பட்டுக் கூப்புடற மாரி இருக்கக் கூடாது."

"இப்பவும் செய்யறாங்களா ஐயா?"

"இப்ப யாரும்மா செய்யறா?"

என் தேவைக்கு இந்த விடை உதவாது. பேனாவை மூடினேன். அப்பொழுதுதான் உள்ளிருந்து அந்த ஓசை கேட்டது. இருமல் என்று முதலில் எண்ணினேன், மூச்சு. மல்லிகா கைக்குழந்தையுடன் வெளியே வந்தாள். பெண் குழந்தை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதன் விலாப்புறம் உள்வாங்கியது.

"மாமா, மூச்சு வுட முடியாம தவிக்குது. ஜீப்பு வந்து கீது. நான் எடுத்துனு போறேன்."

"வேணாம். காலையில பூசாரி வரட்டும்."

"காலை வரைக்கும் தாங்காது மாமா."

"முன்ன பொறந்த ரெண்டையும் கீழ ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துனு போனோம். ரெண்டையும் துணியில சுத்தித்தான் குடுத்தாங்க. இந்த வூட்டுக் கொழந்த இனிமே மலைய வுட்டு எறங்காது."

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் இடைபுகுந்து, தாமதிக்கலாகாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லிட்டுப் போய்டுவீங்கம்மா. இங்க குழி தோண்டறவன் நானு."

சவரியின் ஆரன் ஒலித்தது. மல்லிகா என்னை ஒருமுறை பார்த்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு முறத்தில் சாமைத் தவிட்டுடன் திரும்பி வந்து அதை என் கையில் வைத்தாள்.

"இத எங்க மாமாகிட்ட குடுங்க. கொழந்தய நீங்க வாங்கிக்கங்க. அப்பறம் எறங்கறது இந்த வூட்டுக் கொழந்த இல்லயே மாமா?"

சின்னசாமி எழுந்து நின்றுவிட்டார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முறத்தைத்தான் பார்த்தார்.

"தவுடு நம்முளுதாச்சே. நம்ம தவுட்டக் குடுத்து நம்ம கொழந்தய வாங்குனா செல்லுமா?"

ஆரனுக்குப் பயனில்லாமல் சவரியே வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டவர், "வண்டியில ஒரு மூட்ட தவுடு கீது, மாட்டுக்கு எடுத்துனு போறது. மேடம் கைமாத்தா எடுத்துக்கட்டும்" என்றார்.

"கைமாத்துத் தவுடு ஆவாது. வாங்கறவங்களுதா இருக்கணும்" என்றார் பெரியவர்.

குழந்தையின் மூச்சு எங்கள் எல்லோருடைய பேச்சுக்கும் நடுவே கேட்டுக்கொண்டிருந்தது. என் குடையைச் சவரியிடம் நீட்டி, "இதுக்குத் தவிடு கொடுங்க" என்றேன். "குடைக்கா? தாராளமா!" என்று ஓடினார். முறத்தைத் தட்டிக் காலிசெய்து, அரிசித் தவிட்டை அதில் நிறைத்துக் கொண்டுவந்தார். அதைச் சின்னசாமியின் கையில் கொடுத்தேன். அவர் தவிட்டை விரலால் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டார். மல்லிகா குழந்தையை என் கையில் வைத்தாள். அதன் உடம்பு கொதித்தது.

"பேரு" என்றார் பெரியவர்.

நாற்பதாண்டுக் காலம் பெயர்களோடு வாழ்ந்தவள் நான். ஒளி, அமைதி, அறிவு, முத்து, மலர், விண்மீன். உலகத்தார் தம் பெண்களுக்காகத் தேடி வைத்த சிறந்த சொற்களே நாவில் வரிசையாக வந்தன. ஒன்றும் உதவாது.

"குப்பம்மா" என்றேன்.

"அது வேணாம்மா. எங்கக்கா பேரு. உசுரோட இருந்தவரைக்கும் எங்கள ஆட்டி வெச்சா."

"இன்னா மேடம், பேருக்கே புக்கு போடறீங்க, ஒண்ணு வாயில வர்ல!" என்றார் சவரி, வண்டிப் பக்கம் பார்த்துக்கொண்டே.

வாசலில் பலாமரத்து உதிர்வு குவிந்து கிடந்தது. "சருகு" என்றேன்.

சின்னசாமி ஆலோசித்தார். "அடுப்புக்குத்தான் ஆவும். சரி, அது போதும்."

அவர் விலகி வழிவிட்டார். மல்லிகா முன்னே ஓடினாள். குழந்தை என் கையில்தான் இருந்தது. மழை தொடங்கிவிட்டது, குடை சவரியின் இருக்கைக்கடியில் கிடந்தது.

செவிலியரின் ஐயம்

திருப்பத்தூரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் குழந்தையை உடனே உள்ளே வாங்கிக்கொண்டார். விவரங்களைக் கேட்ட செவிலியர், "கொழந்த பேரு?" என்றார். மல்லிகா என்னைக் காட்டி, "அவங்கதான் சொல்லணும். அவங்கதான் வாங்கினாங்க" என்றாள்.

செவிலியரின் முகம் மாறியது. "வாங்கினாங்களா? நீ யாரும்மா?"

"பெத்தவ."

"பெத்துட்டு வித்துட்டியா? மேடம், எங்கயும் போவாதீங்க, இங்கியே உக்காருங்க." கைப்பேசி அவர் கைக்கு வந்துவிட்டது. "எவ்ளோ குடுத்தீங்க?"

"பணம் எதுவும் கொடுக்கல. அது ஒரு சடங்கு..." என்று நான் தொடங்கிய வாக்கியம், எழுத்தில் பார்த்தால் பிழையற்றதாகத்தான் இருந்திருக்கும். அவர் அதை நம்பவில்லை. வாயிற்காவலர் கதவருகே வந்து நின்றார். மல்லிகா ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

சவரி குறுக்கே வந்தார். "சிஸ்டர், ஒரு மொறம் தவுடு. என் மாட்டோடது. மாடு இன்னிக்கு பட்டினி."

செவிலியர் கைப்பேசியைத் தாழ்த்தினார். பிறகு, "தவுட்டுக்கா?" என்றார் வேறொரு குரலில். "எங்க சின்னம்மா பேரு தவுட்டம்மா. அவங்கள எதிர்வூட்ல இப்புடித்தான் வாங்கினாங்களாம். முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நான் போலீசுக்குப் போட்டிருப்பேன்." மல்லிகாவின் பக்கம் திரும்பி, "இங்க வந்து வாங்கினாங்க வித்தாங்கன்னு பேசாத. பேரச் சொல்லு" என்றார்.

"சருகு" என்றாள் மல்லிகா.

அன்று மாலையும் மறுநாளும் அந்தத் தாழ்வாரத்தில் உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல் நடந்தேன். ஈரச் சேலை உடம்பிலேயே உலர்ந்தது. மேலாளர் இருமுறை அழைத்தார், எடுக்கவில்லை. குழந்தை பால் குடித்தது என்று மல்லிகா வந்து சொன்னபோது, எதிரே இருந்த சவரி எழுந்து சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, "மாட்டுக்குத் தீனி போடணும்" என்று கிளம்பினார்.

தெரிந்ததும் தெரியாததும்

காப்புப் பெயர்ப் பகுதி அந்த நூலில் இடம்பெறவில்லை. மேலாளரைக் குறைகூற மாட்டேன். சின்னசாமியும் செவிலியரும் சொன்னவை பழைய செய்திகள். இன்றும் நடக்கிறது என்பதற்குக் கிடைத்த ஒரே நிகழ்ச்சியில் பெயர் வைத்தவளே நான். தொகுப்பவள் தானே தனக்குச் சான்றாக முடியாது. இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரு பெயரின் பிறப்பிடம் என்று மொழியை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெயரை யார், எந்த நெருக்கடியில், எதைக் காப்பதற்காகச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்.

எனக்குத் தெரியாதவை சில உண்டு. அந்தச் சடங்கை மல்லிகா நம்பினாளா, அல்லது மாமனாரின் அச்சத்திலிருந்து குழந்தையை வெளியே கொண்டுவர அந்நேரத்தில் கிடைத்த வழியாகக் கைக்கொண்டாளா என்பது தெரியாது. மலையின் மற்றச் சிற்றூர்களில் இவ்வழக்கம் உண்டா என்பதை நான் ஆராயவில்லை. அந்தக் குழந்தையை இன்று என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதும் தெரியாது.

மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட நாளில், "உன் குழந்தையை நீயே வைத்துக்கொள்" என்று முறையாகச் சொல்லிவிட எண்ணி வாயைத் திறந்தேன். மல்லிகா ஜீப்பிலிருந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாங்கம்மா. திருப்பிக் குடுத்துட்டா மறுபடி எங்க வூட்டுதாயிடும். உங்களுதாவே இருக்கட்டும். நான் வளத்துனு கீறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

சவரி வண்டியைக் கிளப்பிவிட்டார். அவள் சொன்ன விடை எனக்குக் கேட்கவில்லை.